பிள்ளை பெற்றவளுக்கு லேகியமா, மலைப்பூண்டா?

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பிரசவமான வீட்டு அடுப்படியில் இரண்டையும் பார்க்கலாம்: கிண்டி வைத்த பிரசவ லேகியம், உரித்து வைத்த மலைப்பூண்டு. தினசரி உணவாக எதைக் கொடுப்பது என்று கேட்டால் பூண்டு என்றுதான் சொல்வேன். லேகியம் மருந்து, மருந்தளவோடு நிற்க வேண்டும்.

சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம் எல்லாம் இடித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிளறுவது லேகியம். வழக்கம் பழையது. பிரசவமானவளுக்குத் திப்பிலி, கண்டந்திப்பிலி, சுக்கு சேர்த்த நெய்யும், அப்புறம் கஞ்சியும் கொடுக்கச் சொல்கிறது சரக சம்ஹிதை. கொடைக்கானல் குளிரில் மந்தமான வயிற்றுக்குப் பசி எடுக்க காலையில் சின்ன நெல்லிக்காய் அளவு போதும். பால் ஊறட்டும் என்று உருண்டை உருண்டையாகக் கொடுத்தால் வயிறு எரியும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. கருப்பட்டிதானே என்பார்கள், அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அவர்களுக்கு மிளகு ரசம் இருக்கிறது.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு காரமும் வாசமும் தூக்கலானது. பாலில் வேகவைத்து மசிக்கலாம், புளி குறைத்துக் குழம்பு வைக்கலாம், சோற்றோடு வயிறு நிறையச் சாப்பிடலாம். பூண்டு சாப்பிட்ட தாயின் பாலில் அந்த வாசம் இறங்குவதையும், குழந்தை கூடுதல் நேரம் மார்பில் இருந்ததையும் 1991இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அதற்காகப் பூண்டே பாலைச் சுரக்க வைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தை அடிக்கடி குடிக்கக் குடிக்கத்தான் பால் பெருகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இரண்டிலும் என்னை வருத்துவது கூடவே வரும் பத்தியம். கேரட், பீன்ஸ், சௌசௌ வாசலிலேயே விளைகிற ஊரில் "குளிர்ச்சி" என்று காயை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்தால் தையல் போட்ட பெண் மலச்சிக்கலில் துடித்துப் போவாள். காயைக் குழைய வேகவைத்துக் கொடுங்கள், விருப்பாச்சி மலைவாழைப்பழம் கொடுங்கள், வெந்நீரைத் தாகம் தீரக் குடிக்க விடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கு லேகியமும் ஈடாகாது, பூண்டும் ஈடாகாது. பாலும் டீயும் அந்த இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதனால் மாத்திரையைப் பகலில் போட்டு, பூண்டுப் பாலை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். மலையில் டீ இல்லாமல் முடியாது, சரி. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.