கெண்டை செட்: பல சீசன் ஓடிய பிறகு எது நிற்கிறது, எது நிற்பதில்லை (நாய் வளர்ப்பவர்களுக்கும் சேர்த்து)

விரால் பிடிக்கிறவர் ராடைக் கையை விட்டு இறக்குவதில்லை. கெண்டைக்குப் போகிறவர் வீசிவிட்டு, ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, டீயும் பேச்சுமாக உட்கார்ந்துவிடுவார். அதனால் கெண்டை செட்டை (ராடு, ரீல், தூண்டில் நரம்பு, முள்) எடைபோட ஒரே அளவுகோல்தான்: யாரும் தொடாத நேரத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது? கடையில் ராடு எத்தனை லேசு, ரீலில் எத்தனை பேரிங் என்றுதான் பேச்சு போகும். இரண்டு கோடை தாண்டினால் அந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை.

முதலில் மீன். சாதாக்கெண்டையும் மிர்காலும் தரையைக் கிளறித் தின்பவை. ரோகு நடுத்தண்ணீர். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறப்பது. மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்தான் அதன் இயல்பான தீனி. கட்லா மட்டுமே குறி என்றால் அடியில் ஈயம் போட்டுக் காத்திருப்பதைவிடத் தக்கை கட்டி உயரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது மேல். கீழே சொல்வதெல்லாம் அடித்தூண்டிலுக்கு. சாதாக்கெண்டை நம் ஊர் மீனே அல்ல. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்குக் கொண்டுவந்து விட்டது. இங்கிலாந்துக்காரர்கள் பிடிக்கும் கெண்டையும் இதே இனம் என்பதால் அவர்களுடைய செட் பலவும் இங்கே அப்படியே பொருந்துகிறது.

ராடில் 2.75 பவுண்டு, 3 பவுண்டு என்று போட்டிருப்பது அது தூக்கும் மீனின் எடை அல்ல. நுனி செங்கோணத்துக்கு வளையத் தேவைப்படும் எடை. பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் என்று கணக்கு வைத்தால், 2.75 பவுண்டு ராடு ஏறக்குறைய 78 கிராம் வரை வசதியாக வீசும். இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், நம் ஆட்கள் கட்டுவது ஸ்பிரிங் ஃபீடர், அதாவது மாவைப் பிடித்துவைக்கும் கம்பிச்சுருள். ஸ்பிரிங் 30 கிராம், அதைச் சுற்றிப் பிடிக்கும் மாவு 50 கிராம், ஆகமொத்தம் 80. இதை 10-40 கிராம் ஸ்பின்னிங் ராடில் மாட்டி முழு வேகத்தில் வீசினால் நுனித்துண்டு போய்விடும். பிறகு பழி கம்பெனிமேல். பின்னால் கருவேலம் நிற்கும் ஏரிக்கரைக்கு 10 அடி போதும். அணைக்கு 12 அடி. மடக்கு ராடு பஸ்ஸில் கொண்டுபோகச் சௌகரியம்தான், ஆனால் மணல் புகுந்து இணைப்பு இறுகும், நரம்பு ஓடும் நடு வளையங்கள் திரும்பிக்கொள்ளும். இரண்டு துண்டு ராடு எடுப்பதே நல்லது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் காது குடையும் பஞ்சை விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது. நரம்பை அறுப்பது பெரும்பாலும் அதுதான்.

செலவு செய்ய வேண்டிய இடம் ரீல். ஷிமானோ இதற்கு ‘பெயிட்ரன்னர்’ என்று பெயர் வைத்தது. மற்றவர்கள் ஃப்ரீ ஸ்பூல் என்கிறார்கள். பின்பக்க நெம்பைத் தள்ளினால் நரம்பு சுற்றிய ஸ்பூல் தளர்ந்து மீன் இழுக்க இழுக்க நரம்பு போகும். கைப்பிடியைச் சுற்றியதும் முதன்மை டிராக், அதாவது ஸ்பூலின் பிரேக், பிடித்துக்கொள்ளும். சாதா ரீலில் டிராக்கைத் தளர்த்தி வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் ராடில் கட்டிய மணி அடித்த பதற்றத்தில் திருகும் கை எப்போதும் ஒரு சுற்று அதிகம் திருகும், நரம்பு தெறிக்கும். டிராக்கை இறுக்கியே வைத்துவிட்டுப் போனால் ராடே தண்ணீருக்குள் போகும். ஐந்து கிலோ கெண்டைக்கு அது பெரிய வேலையில்லை.

நெம்பைத் தள்ளிய நிலையில் காற்றுக்கும் அலைக்கும் நரம்பு நகரக்கூடாது, கையால் இழுத்தால் தடையின்றி வரவேண்டும். அதைவிடத் தளர்த்தினால் முதல் பாய்ச்சலிலேயே ஸ்பூல் அதிகம் சுழன்று நரம்பு குருவிக்கூடாகிவிடும். முதன்மை டிராக் நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை. 15 பவுண்டு, அதாவது 6.8 கிலோ நரம்புக்கு 1.7 முதல் 2.3 கிலோ. நரம்பு நுனியைக் கொக்கித் தராசில் கட்டி, ராடு வளைந்த நிலையில் இழுத்துப் பாருங்கள். கைக்கணக்கு இதில் பலிக்காது. வீட்டுக்கு வந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபெல்ட் வாஷர் அமுங்கி அடுத்த சீசனில் விட்டுவிட்டுப் பிடிக்கும். நரம்பு உருளும் சின்ன ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய். அது நின்றுபோனால்தான் நரம்பு முறுக்கிக்கொள்கிறது.

நரம்பு: 0.35 மில்லிமீட்டர் மோனோ (ஒற்றை நைலான் இழை). பிரெய்டு (பல இழை பின்னியது) மெல்லியது, பலமானது, தூரம் போகும். ஆனால் பாறையில் உரசினால் அறுந்துவிடும், துளியும் நீளாததால் கெண்டையின் மெல்லிய உதட்டைக் கிழிக்கும். சாதாக்கெண்டையின் முதுகுத் துடுப்பின் முன்பக்கப் பெரிய முள் ரம்பம்போல் பல் வைத்தது, கரையோரம் மீன் புரளும்போது நரம்பை அறுப்பது அதுவும்தான். மோனோவுக்கு எதிரி வெயில். காரின் பின்கண்ணாடிக்கடியில் ரீலைப் போட்டுவைப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியே ஆகவேண்டும். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடேறிப் பலம் இழக்கும். அறுந்த நுனி பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது என்று பொருள். நரம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

தூண்டில் முள்ளில்தான் பலர் பழையபடி நிற்கிறார்கள். ஸ்பிரிங்கைச் சுற்றி ஏழு முள் கட்டினால் மீன் ஏறுகிறது, உண்மைதான். கண்ணிலும் வயிற்றிலும் குத்தி ஏறுவதும் அதிகம். 1980-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வந்த ஹேர் ரிக்கில் முள் ஒன்றே ஒன்று, அதுவும் வெறுமையாக இருக்கும். இரை அதன் பின்னால் ஒரு சிறு இழையில் தொங்கும். கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான். எதையும் உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். துப்பும்போது வெறும் முள் கீழுதட்டில் மாட்டும். 6-ஆம் எண் முள், முள் கட்டிய அடிநரம்பு 15-20 சென்டிமீட்டர், முள் வளைவுக்கும் இரைக்கும் இடையே 3-5 மில்லிமீட்டர். இழை அதைவிட நீண்டால் இரை மட்டும் போகும், முள் ஏறாது. இரைக்குக் கொண்டைக்கடலை: ஒரு நாள் ஊறவைத்து அரை மணி வேகவைத்தது. ஊறாததைத் தூவினால் மீனின் வயிற்றுக்குள் போய் ஊதும்.

ஸ்பிரிங் மாவுக்கு ஒரு கிலோ கடலைப் புண்ணாக்குத் தூள், கால் கிலோ வறுத்த தவிடு, 150 கிராம் மைதா. தண்ணீரைத் தெளித்துப் பிசையவும், ஊற்ற வேண்டாம். பிடித்த உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டால் 10-15 நிமிடத்தில் உதிரத் தொடங்கவேண்டும். மைதா ஏறினால் ஒரு மணி நேரமானாலும் களிமண்ணாகக் கிடக்கும், தவிடு ஏறினால் வீசும்போதே பறந்துவிடும்.

மணி, ஸ்டாண்டு பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலை குறைந்ததே போதும். வலை மட்டும் முடிச்சில்லாத ரப்பர் வலையாக இருக்கட்டும், திரும்ப விடுகிற மீனின் வழவழப்பு உரியாது.

இனி நாய். கரையில் நாலு பேர் உட்கார்ந்தால் மீனைவிட நாயைப் பற்றிய பேச்சுதான் அதிகம். சிப்பிப்பாறை வைத்திருப்பவர் ஓட்டத்தைச் சொல்வார், லேப் வைத்திருப்பவர் தக்கையைப் பிடிக்க அது தண்ணீரில் குதித்த கதையைச் சொல்வார். அந்தப் பேச்சுக்கு நடுவே ஸ்டாண்டில் புண்ணாக்கு மணக்கும் ஏழு முள் உருண்டை தொங்கிக்கொண்டிருக்கும். ஆளில்லாத ராடின் இரை நாய் வாயெட்டும் உயரத்தில் இருக்கக்கூடாது. வீசாத ராடில் இரையே வேண்டாம். ஒற்றை முள்ளுக்கு மாற இதுவும் ஒரு காரணம். குறடால் முள்ளின் செதிலை (முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை) நசுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

முள் நாயின் உதட்டில் மேலாகக் குத்தியிருந்தால், நாய் அமைதியாக நின்றால், முனையை முன்னால் தள்ளி வெளியே எடுத்து, செதிலை வெட்டி, பின்னால் உருவலாம். விழுங்கிவிட்டால் நரம்பை இழுக்கவே கூடாது, வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. ஒரு முழம் விட்டு வெட்டிக் கழுத்துப்பட்டையில் கட்டி, நேரே கால்நடை மருத்துவரிடம். அந்த நுனி அவருக்கு உதவும். பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் ஆடை படர்ந்த தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள், நீலப்பச்சைப் பாசியில் சில கொல்லும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் அப்படித்தான், அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நாயின் ஈரலைத் தாக்கும். மிச்ச மாவைக் கரையில் கொட்டினால் தெருநாய் தின்னும்.

பூனை வளர்ப்பவர்கள் வெட்டிய நரம்புத் துண்டுகளை மூடியுள்ள பாட்டிலில் போட்டு வையுங்கள். பூனை விளையாட்டாக விழுங்கும் நரம்பு குடலைச் சுருக்கி அறுக்கும். வாலடியில் நரம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் இழுக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.