"அக்டோபர்ல திரும்ப மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்ட, தொடப்போகிற அப்பா அம்மா உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்குத் துணையாக எடுத்த மெடிகேப் பாலிசியை விட்டுவிட்டு, மெடிகேர் சலுகைகளைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் அட்வாண்டேஜ் பிளானுக்கு மாறச் சொல்லி யாராவது வந்தால், அவரிடம் ஒரு கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்குங்கள்: பிடிக்காவிட்டால் எந்தத் தேதி வரை பழைய பாலிசி எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்? என் அப்பா இதே கேள்வியைத்தான் கேட்டார். அவருக்குச் சொல்லப்பட்ட பதில் பொய். அதன் விளைவை இன்று அவர் உடம்பில் நோயோடு சேர்த்துச் சுமக்கிறார்.

நாங்கள் டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். அப்பா இந்த நாட்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2020-இல் 65 ஆனதும் மெடிகேரின் பார்ட் பி-யில் சேர்ந்து, கையோடு மெடிகேப் பிளான் ஜி எடுத்தார். டாக்டர் செலவில் பார்ட் பி கொடுப்பது 80 சதவீதம்தான். மீதி 20 சதவீதம் நம் தலையில். அதற்கு மேல்வரம்பே கிடையாது. ஒரு லட்சம் டாலர் பில் வந்தால் இருபதாயிரம் நாம் கட்ட வேண்டும். அந்த 20 சதவீதத்தைப் பிளான் ஜி கட்டிவிடும். ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் பார்ட் ஏ டிடக்டிபிளையும் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை, 2025-இல் 1,676 டாலர்) அதுவே பார்த்துக்கொள்ளும். நம் கையிலிருந்து போவது பிரீமியமும், பார்ட் பி-யின் வருட டிடக்டிபிளும்தான் (2025-இல் 257 டாலர்). மெடிகேரை ஏற்கிற எந்த டாக்டரிடமும், எந்த மாநிலத்திலும், யார் அனுமதியும் கேட்காமல் போகலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உடம்பு நன்றாக இருக்கும்போது தெரியாது.

2022-இல் பிரீமியம் கூடியதாகக் கடிதம் வந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு தமிழ் விழாவில் அந்த ஏஜென்ட் அறிமுகமானார். நம் ஊர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார், "அங்கிள், ஆன்ட்டி" என்று வீட்டுக்கு வந்து அம்மா கையால் காபி வாங்கிக் குடித்தார். "மாசப் பிரீமியமே கிடையாது அங்கிள். பல்லு, கண்ணு, ஜிம் எல்லாம் இதுலயே வந்துடும். எதுக்கு வீணா காசு கட்றீங்க?" என்றார். "பிடிக்கலேன்னா?" என்று அப்பா கேட்டபோது அவர் சொன்னது: "வருஷா வருஷம் அக்டோபர்ல மாத்திக்கலாம் அங்கிள். பழைய பிளானுக்கே போயிடலாம்."

உண்மை என்னவென்று சொல்கிறேன். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை டிவியில் ஓயாமல் விளம்பரம் வருகிறதே, அந்தக் காலம் அட்வாண்டேஜ் பிளானுக்கும் மருந்துக்கான பார்ட் டி பிளானுக்கும் உரியது. மெடிகேப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மெடிகேப் பாலிசியை, உடம்பில் என்ன நோய் இருந்தாலும் கம்பெனி மறுக்காமல் தரவேண்டிய காலம் ஆறே மாதம். 65 வயதுக்கு மேல் பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து அது ஓடத் தொடங்கும், ஒருமுறைதான் வரும். அதன் பிறகு டெக்சஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி உங்கள் நோய்க் கதையைக் கேட்கும், விருப்பம் இருந்தால் தரும், இல்லையென்றால் மறுத்துவிடும். அண்டர்ரைட்டிங் என்பது இதுதான். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மெடிகேப்பை விட்டு முதல்முறையாக அட்வாண்டேஜ் போனவர்களுக்கு 12 மாதச் சோதனைக் காலம் இருக்கிறது. அதற்குள் திரும்பினால் பழைய கம்பெனி அதே பாலிசியை இன்னும் விற்கும் பட்சத்தில் மறுக்காமல் தரவேண்டும். விற்கவில்லை என்றால் வேறு கம்பெனியிடம் குறிப்பிட்ட சில பிளான்களை எடுக்கலாம். அப்பாவின் புதுப் பிளான் ஜனவரி 2023-இல் தொடங்கியது. அந்த வருடம் கோடையிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. தோள்பட்டை வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பிசியோதெரபியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் முன் அனுமதி வேண்டும் என்றார்கள். அப்பா ஏஜென்டைக் கூப்பிட்டு, "எனக்குப் பழைய பிளானே போதும்ப்பா, மாத்திக் குடு" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு அந்த உரிமை முழுசாக இருந்தது. ஒரு ஃபார்ம் போட்டிருந்தால் பிளான் ஜி திரும்பக் கிடைத்திருக்கும்.

அந்த ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார்: இப்போது முடியாது, அக்டோபர் வரட்டும். அக்டோபரில் வந்து, இன்னொரு கம்பெனியின் அட்வாண்டேஜ் பிளானில் சேர்த்துவிட்டார். "உங்க ஆர்த்தோ டாக்டர் இதுல இருக்கார் அங்கிள், இது அதைவிட நல்லது." 12 மாதம் முடிந்தது. முதலில் சொன்ன பொய்யைத் தெரியாமல் சொன்னார் என்று வேண்டுமானால் விடலாம். ஒரு பெரியவர் வாய்விட்டுத் திரும்பக் கேட்ட பிறகு காலத்தைக் கடத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2024-இல் அப்பாவுக்குக் கை நடுக்கம் ஆரம்பித்தது. பார்க்கின்சன்ஸ் என்றார்கள். இந்த நோய்க்கென்றே சிறப்புப் பயிற்சி பெற்ற நரம்பியல் டாக்டர்கள் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். அவர்கள் அப்பாவின் நெட்வொர்க்கில், அதாவது பிளான் ஒப்பந்தம் வைத்திருக்கிற டாக்டர்கள் பட்டியலில், இல்லை. நெட்வொர்க்கில் இருக்கிற டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மெடிகேப்புக்கு விண்ணப்பித்தோம். பார்க்கின்சன்ஸ் உண்டா என்று ஃபார்மிலேயே கேட்டிருந்தது. ஆம் என்று எழுதியதும் மறுத்துவிட்டார்கள். கேட்ட ஒவ்வொரு கம்பெனியிலும் அதே பதில்.

சாதாரண மெடிகேருக்குத் திரும்பத் தடை ஏதும் கிடையாதே என்று சிலர் கேட்கிறார்கள். திரும்பலாம். அக்டோபரிலும் முடியும், ஜனவரி முதல் மார்ச் வரையும் முடியும். ஆனால் மெடிகேப் இல்லாமல் திரும்பினால் வரம்பில்லாத அந்த 20 சதவீதம் நம்மைப் பிடித்துக்கொள்ளும். அட்வாண்டேஜில் குறைந்தது ஒரு மேல்வரம்பு இருக்கிறது; 2025-இல் நெட்வொர்க்குக்குள் அது 9,350 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று இருந்தது. ஆண்டுக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் நோயை வைத்துக்கொண்டு அந்த வரம்பையும் விட்டுவிட எங்களுக்குத் துணிவில்லை. அதனால் அப்பா அங்கேயே இருக்கிறார்.

அட்வாண்டேஜ் பிளானே மோசடி என்று நான் சொல்லவில்லை. மெடிகேரில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். மாதா மாதம் மெடிகேப் பிரீமியம் கட்ட வழியில்லாதவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆனால் முன் அனுமதி மறுப்பு என்பது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2022-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அட்வாண்டேஜ் கம்பெனிகள் மறுத்த முன் அனுமதிக் கோரிக்கைகளில் 13 சதவீதம், மெடிகேர் விதிப்படி கொடுத்திருக்க வேண்டியவை என்று அது சொன்னது. பல்லும் ஜிம்மும் பேசுகிற ஏஜென்ட் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒருவரைப் புதிதாக அட்வாண்டேஜில் சேர்த்துவிட்டால் 2025-இல் பல மாநிலங்களில் ஏஜென்டுக்கு 626 டாலர் வரை கமிஷன் இருந்தது. மெடிகேப்பிலும் கமிஷன் இருக்கிறதுதான். எதற்கு எவ்வளவு என்று கேட்க நமக்குக் கூச்சம் வேண்டாம்.

இந்தியாவிலிருந்து கிரீன் கார்டில் வந்த பெற்றோர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 65 வயதாகி, தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வாழ்ந்திருந்தால், வேலை பார்க்காதவர்களும் பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். அவர்களுக்கு அந்த ஆறு மாதம் 65-இல் தொடங்காது, பார்ட் பி எப்போது தொடங்குகிறதோ அப்போதுதான் தொடங்கும். 70 வயதில் சேர்ந்தால் 70-இல்தான். வேலையில் நீடித்து ஆபீஸ் இன்சூரன்ஸை வைத்துக்கொண்டு பார்ட் பி-யைத் தள்ளிப்போட்டவர்களுக்கும் இதே கணக்கு. "உங்க அம்மாவுக்கு வயசு தாண்டிடுச்சு, மெடிகேப் கிடைக்காது" என்று ஒரு நண்பரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவும் தவறு.

மெடிகேப் எடுக்கும்போது பிளானின் பெயரில் உள்ள ஆங்கில எழுத்தைப் பாருங்கள். பிளான் ஜி என்றால் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படைச் சலுகைகள் ஒன்றுதான். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றில் மட்டும் முறை வேறு. ஆகவே விலையை ஒப்பிட்டால் போதும். வயது கூடக்கூடப் பிரீமியம் ஏறும் பாலிசியா, எல்லா வயதினருக்கும் ஒரே விலையா என்று கேளுங்கள். பிளான் "என்" (N) கொஞ்சம் மலிவு, டாக்டரைப் பார்க்கும்போது 20 டாலர் வரை கட்ட நேரும். வருடா வருடம் ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: "ஜி", "என்" இரண்டிலும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு, பயணத்தின் முதல் 60 நாளுக்குள், 250 டாலர் போக 80 சதவீதம் கிடைக்கும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர்.

கமிஷன் வாங்காத ஆலோசனை ஒவ்வொரு மாநிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஷிப் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் ஹைகேப் என்பார்கள். எங்களுக்கு இந்தச் சட்டங்களை எல்லாம் விளக்கியது அங்கே இருந்த ஒரு தன்னார்வலர்தான். ஏஜென்ட் வருவதற்கு முன்னால் அவர்களிடம் பேசிவிடுங்கள்.

தவறான தகவல் சொல்லி அட்வாண்டேஜில் சேர்த்திருந்தால் மெடிகேப்பை மறுக்காமல் தரவேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. அதை வைத்துத்தான் மெடிகேரிலும் மாநில இன்சூரன்ஸ் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறோம். வீட்டில் உட்கார்ந்து சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அந்த வாட்ஸ்அப் குரல் செய்தி மட்டும் அப்பாவின் போனில் இருந்தது, அதைக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை அந்த ஏஜென்டின் பெயரை எழுத முடியாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மெடிகேப்பை விட்டு முதல்முறையாக அட்வாண்டேஜுக்குப் போய் இன்னும் 12 மாதம் ஆகவில்லை என்றால், அக்டோபருக்காகக் காத்திருக்க வேண்டாம், எந்த மாதத்திலும் வெளியே வரலாம். பிளானிலிருந்து விலகுவதற்கு முன்னால் பழைய மெடிகேப் கம்பெனியைக் கூப்பிட்டு, சோதனைக் கால உரிமையில் விண்ணப்பிக்கிறோம் என்று சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள். கம்பெனி மழுப்பினால் 1-800-633-4227, அது மெடிகேரின் எண். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.