எச்சில் கொடுத்து ஏழு வருஷம்: மரபணு கிட் அனுபவம்

எச்சிலை வைத்துப் பூர்வீகம் சொல்லும் மரபணு கிட்டை 2018-இல் வாங்கும்போது மனதில் இருந்தது ஜோதிமாணிக்கம்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு அங்கே ஒருவரிடம் எம்130 என்ற தந்தைவழிக் குறியை (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் மரபணு அடையாளம்) கண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடம் என்று பேசினார்கள். நமக்கும் அப்படி ஏதாவது வராதா என்று நப்பாசை.

வரவில்லை. அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் குழாயில் கோடு வரை துப்பி அனுப்பியதற்கு (நுரை கணக்கில் சேராது) வந்த பதில்: தென்னிந்தியா 100 சதவீதம். "எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு காபிக்கே சொல்லியிருப்பேனே" என்றார் அம்மா.

அடுத்த வருஷம் அதுவே 81 ஆனது, மீதி இலங்கை. அப்புறம் இலங்கை காணாமல் போனது. நான் மாறவில்லை, நிறுவனம் என்னோடு ஒப்பிடும் ஆட்கள்தான் மாறினார்கள். இன்று வாழ்கிறவர்களில் யாரைப் போல இருக்கிறேன் என்பதுதான் அந்தச் சதவீதம். மூதாதையர் ஊர்க் கணக்கு இல்லை.

உறவினர் பட்டியல்தான் பெரிய கூத்து. பினாங்கில் ஒருவர் எனக்குக் கொள்ளுத்தாத்தா வழிச் சொந்தம் என்றது. ஆறு மாதம் மின்னஞ்சலில் தேடியும் பொதுவான தாத்தா கிடைக்கவில்லை. காரணம் பிறகு புரிந்தது. அம்மா, அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள். அப்படிப் பிறந்த பிள்ளைக்கு மரபணுவில் சுமார் 6.25 சதவீதம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பது கணக்கு. எனக்கு 8 வந்தது. அதற்கு முந்தைய தலைமுறைகளும் உள்ளுக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். ஒரே பாட்டனை நாலு வழியில் தொடுகிற குடும்பத்தில், தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தமாகத் தெரியும்.

கொடுத்த காசுக்கு உருப்படியானது மூலக் கோப்புதான். என் மரபணுவில் ஆறு லட்சத்துச் சொச்சம் இடங்களில் இருக்கும் எழுத்துகள். அதை இலவச மென்பொருளில் போட்டு, 2019-இல் வெளியான பண்டைய மரபணுத் தரவுகளோடு ஒப்பிட்டேன். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி ஊரான ராக்கிகடியில் அறுபதுக்கு மேற்பட்ட எலும்பு மாதிரிகளில் முயன்று, ஒரே ஒரு பெண்ணுடையதுதான் தேறியது. நம் வெயிலில் மரபணு சிதைந்துவிடும். அந்தப் பெண்ணிடம் மத்திய ஆசியா வழியாக வந்த ஸ்டெப்பி புல்வெளி மக்களின் கலப்பு இல்லை. என்னிடம் கொஞ்சம் இருப்பதாகக் காட்டியது. ஆனால் தென்னாட்டுப் பழங்குடி வேட்டையாடிகளின் பண்டைய எலும்பு மரபணு கையில் இல்லாததால், அந்தப் பங்குக்கு அந்தமான் பழங்குடிகளை ஆள்மாற்றாக வைக்கிறது மென்பொருள். ஆகவே எனக்கு வந்த தசம எண்களை யாரிடமும் சொல்வதில்லை.

அடுத்த கிட் பெரிய அத்தைக்கு. அப்பாவுக்கு அக்கா, அம்மாவுக்கு அத்தை மகள். தாய்வழிக் குறியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தாய் மட்டுமே என்பதால், அப்பத்தாவுடையது அப்பாவோடு நின்றுவிட்டது, எனக்கு வராது. அத்தையிடம் இருக்கிறது. வெற்றிலையை அரை மணி நேரம் நிறுத்தச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.