காட்டன்வுட் கேன்யன் சாலை: காய்ந்த நாளில் நாலரை, நனைந்த நாளில் பூஜ்யம்

ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தரலாம், மழை பெய்து இரண்டு நாளாவது வெயில் காய்ந்திருந்தால். ஈரமாக இருந்தால் பூஜ்யம், ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும் அதே பூஜ்யம்தான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்கோடியில், 89-ஆம் நெடுஞ்சாலையில் பிரிந்து வடக்கே கேனன்வில் ஊர் வரை போகும் பாதை இது. மொத்தம் 46 மைல், 74 கிலோமீட்டர். கேனன்வில் பக்கம் கோடக்ரோம் பேசின் பூங்காத் திருப்பம் வரை தார். மிச்சமெல்லாம் மண், சரளை, மணல். தெற்கே அரிசோனாவின் பேஜ் ஊரிலிருந்து பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்கு வழி கேட்டால் செல்போன் மேப் இதைக் குறுக்குவழி என்று காட்டும். மேற்கே கனாப் ஊரைச் சுற்றிப் போவதைவிடத் தூரம் குறைவு என்பது உண்மை, நேரம் மிச்சமாகாது. எங்கும் நிற்காமல் ஓட்டினாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல். படம் எடுப்பவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும்.

சிக்கல் முழுக்க மண்ணில் இருக்கிறது. தென்முனையில் முதல் சில மைல்கள் சாம்பல் நிறக் களிமண் மேடுகள். அதில் பென்டோனைட் என்ற களிமண் வகை கலந்திருப்பதால் தண்ணீர் பட்டதும் ஊதிப் புடைத்து எண்ணெய் மாதிரி வழுக்கும். மழைக்காலக் கரிசல் காட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம், குணம் அதேதான். டயர் பள்ளங்களில் களி அப்பிக்கொண்டால் டயர் வழுவழு உருளையாகிவிடும், அப்புறம் நான்கு சக்கரமும் சுற்றி என்ன பயன்? ஜூலை முதல் செப்டம்பர் வரை மதிய இடிமழை வரும், ஓடைகள் திடீரென்று பெருகும். ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல மாதங்கள். காலையில் கேனன்வில் அல்லது பிக் வாட்டர் தகவல் மையத்தில் அன்றைய நிலவரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழியில் சிக்னல் கிடையாது.

தெற்கிலிருந்து வடக்கே போவதே சரி. மோசமான களிமண் முதலிலேயே வந்துவிடுவதால், ஈரம் தெரிந்தால் சுலபமாகத் திரும்பிவிடலாம். வெளிச்சமும் அப்படித்தான் அமைகிறது. சேவல் கொண்டை போல நிமிர்ந்து நிற்கும் 'காக்ஸ்கோம்ப்' பாறை வரிசை வடக்குத் தெற்காக ஓடுகிறது. காலை வெயில் மேற்குச் சுவரில் விழும், மாலை வெயில் கிழக்குச் சுவரில். உச்சி வெயிலில் இரண்டும் வெளிறிப்போகும். அந்த நேரத்தை காட்டன்வுட் நேரோஸ் என்ற குறுகலான பாறைப் பள்ளத்தாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரோஸ் ஒன்றரை மைல் நடை, நவாஹோ மணற்பாறைச் சுவர்களுக்கு நடுவே. சூரியன் மேலேறி ஒரு சுவரில் பட்டால் அந்த ஒளி எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து ஆரஞ்சாகப் பரவும். ட்ரைபாட் கட்டாயம்: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் அரை நொடியில் தொடங்கிச் சில நொடிகள் வரை. வானம் சட்டகத்துக்குள் எட்டிப் பார்த்தால் அந்த மூலை வெள்ளையாக வெந்துபோகும், வெட்டிவிடுங்கள். வொயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த ஆரஞ்சைத் 'திருத்தி' வைக்கும். பகல் வெளிச்சத்துக்கு நிலைநிறுத்துங்கள்.

குரோவ்னர் ஆர்ச் வடபாதியில், பிரதான பாதையிலிருந்து ஒரு மைல் உள்ளே. 152 அடி உயர இரட்டைப் பாறை வளைவு, பிற்பகல் வெயிலில் தேன் நிறம். கழிப்பறையும் நடைபாதையும் உண்டு. பலர் இதற்காகவே வருகிறார்கள். நேரோஸும் காக்ஸ்கோம்பும் இதைவிட ஒரு படி மேல்.

பாதையின் பெரும்பகுதி தகரக் கூரை போல நெளிநெளியாக இருக்கும். டயரில் 35 பிஎஸ்ஐ இருந்தால் 26, 27-க்கு இறக்குங்கள், உதறல் பாதியாகும். அதற்குக் கீழே சாதாரணக் கார் டயரில் போகாதீர்கள், கூர்க்கல் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். வளைவுகளில் சரளை வழுக்கும் என்பதால் 25 மைல் வேகம் போதும். ஸ்டெப்னி முழு அளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; வாடகை வண்டிகளில் பெரும்பாலும் ஒல்லி டயர்தான் கிடக்கும். மண்சாலையில் போகக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருப்பதும் வழக்கம், படித்துவிட்டு எடுங்கள். தண்ணீர் வழியில் எங்கும் கிடைக்காது, ஆளுக்கு 4 லிட்டர். பெட்ரோல் டேங்கை நிரப்பிவிட்டே இறங்குங்கள்.

தூசி மாவு போல நைசானது, டிக்கி இடுக்கு வழியாகப் பின்னால் முழுக்கப் படியும். கேமரா பையை டிக்கியில் வைக்காமல், ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பின்சீட்டின் கால்வைக்கும் இடத்தில் வையுங்கள். லென்ஸ் மாற்றுவதானால் கண்ணாடியை ஏற்றி, தூசி அடங்கிய பிறகு வண்டிக்குள்ளேயே மாற்றுங்கள். லென்ஸில் படிந்ததைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள்.

முடியும் இடம் படக்காரர்களுக்குப் பொருத்தமானது: கோடக்ரோம் பேசின் என்ற பெயரே கோடக்கின் கலர் ஃபிலிமிலிருந்து வந்தது, 1940-களின் கடைசியில் நேஷனல் ஜியாகிரஃபிக் குழு வைத்தது. தார் ரோடு தொடங்கும் இந்த இடத்தில் நின்று, தாரில் ஏறுமுன் டயருக்குக் காற்றை அடைத்துவிடுங்கள்.