1060, 3060, 4060: நம்பர் அதே 60, உள்ளே இருப்பது வேறு

2017 முதல் ஐந்து வருடத்துக்கு மேல் ஜிடிஎக்ஸ் 1060 ஆறு ஜிபி, 2022 கடைசியிலிருந்து ஆர்டிஎக்ஸ் 3060 பன்னிரண்டு ஜிபி. என் கம்ப்யூட்டரில் ஓடிய என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள் இவைதான். பெயரில் கடைசி இரண்டு எண் கார்டின் படி, அதற்கு முன்னால் இருப்பது தலைமுறை; ஜிபி என்பது கார்டின் சொந்த மெமரி. அத்தை மகன் 4060 வாங்கியபோது அதையும் சில வாரம் கடன் வாங்கி என் மதர்போர்டில் போட்டுப் பார்த்தேன். பகலில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங் (காட்சியைப் படமாக்குவது), இரவில் கொஞ்சம் கேம், மானிட்டர் இன்னும் 1080பி. பெரும்பாலான வீடுகளில் நிலைமை இதுதான் என்பதால் 4090, 5090 போன்ற உச்ச விலைக் கார்டுகள் பக்கம் போகவில்லை.

1060 வந்தது 2016 ஜூலையில், 249 டாலருக்கு. அதற்கு இரண்டு வருடம் முன்பு 549 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 980 செய்த வேலையை அது கிட்டத்தட்ட அப்படியே செய்தது. பாதிக்கும் குறைவான விலையில், முந்தைய தலைமுறையின் 80! '60 கார்டு' என்ற பெயருக்கு மரியாதை வந்ததே அதனால்தான். 2019 ஜனவரியில் 2060 வந்தபோது வேகம் 1070 டிஐ (1070-இன் கொஞ்சம் வேகமான வடிவம்) அளவுக்கு இருந்தது, ஆனால் விலை 349 டாலர். 2021 பிப்ரவரியில் 329 டாலருக்கு 3060, ஏறக்குறைய 2070 அளவு. 2023 ஜூனில் 299 டாலருக்கு வந்த 4060-ஆல் முந்தைய தலைமுறையின் 3060 டிஐ-யைக்கூடத் தாண்ட முடியவில்லை. முன்பு இரண்டு படி தாண்டிய இடத்தில் இப்போது ஒரு படியே இழுபறி.

சிப்பைப் பார்த்தால் காரணம் புரியும். 1060-இல் இருந்த சிப்பின் பெயர் ஜிபி106 (GP106), 3060-இல் ஜிஏ106. 4060-க்குள் இருப்பது ஏடி107. என்விடியாவின் '107' சிப் 1060-இன் தலைமுறையான பாஸ்கல் காலத்தில் 1050, 1050 டிஐ கார்டுகளுக்குப் போனது. அதாவது 50 கார்டுக்குரிய அளவுச் சிப்பை 60 என்ற பெட்டியில் வைத்து விற்றார்கள். சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதையான மெமரி பஸ் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியது, மெமரியும் 12 ஜிபியிலிருந்து எட்டாகக் குறைந்தது. ஈடாக, சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரியான எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆக்கினார்கள். 1080பி கேமில் அந்தக் கேஷ் நன்றாகவே கைகொடுக்கிறது, பொய் சொல்லக் கூடாது. நான் ஓட்டிய கேம்களில் 3060-ஐ விட நொடிக்கு 15, 20 சதவீதம் கூடுதல் ஃபிரேம் (படம்) வந்தது. 1060-இலிருந்து 3060-க்கு மாறியபோது ஏறக்குறைய இரட்டிப்பானதை அனுபவித்தவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விமர்சன வீடியோக்களில் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐஇ லேன்களில் 4060 எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது, 3060-க்குப் பதினாறு. புது மதர்போர்டில் இது பொருட்டே இல்லை. என்னுடையது பி450, பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 தலைமுறை. எட்டு ஜிபி நிறையாத வரை சிக்கலில்லை. நிறைந்து, மிச்சம் ரேமுக்குப் போக ஆரம்பித்தால் அந்தப் பாதி அகலப் பாதை வழியாகத்தான் எல்லாம் போய் வர வேண்டும். டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தரத்தை) உச்ச அளவான அல்ட்ராவில் வைத்தபோது சராசரி ஃபிரேம் பார்க்க அழகாகவே இருந்தது, ஆனால் திரும்பும் இடங்களில் திக்கியது. பழைய கம்ப்யூட்டருக்குப் புதுக் கார்டு வாங்குகிறவர்கள்தான் இந்த விலையில் அதிகம், அவர்களைத்தான் இது பாதிக்கும்.

பிளெண்டரில் கணக்கே வேறு. ரே டிரேசிங் (ஒளிக்கதிர்க் கணக்கு) கோர் உள்ள கார்டுகளில் என்விடியாவின் ரெண்டர் முறையான ஆப்டிக்ஸ் வேகமாக ஓடுவதால், 1060 எடுத்த நேரத்தில் கால்வாசியில் 3060 ரெண்டரை முடித்தது. 4060 அதையும் விடத் தெளிவாக வேகம். ஆனால் மரங்களும் 4கே டெக்ஸ்சர்களும் நிறைந்த காட்சிகள் எனக்கு 9, 10 ஜிபி கேட்கும். அங்கே வேகமான எட்டு ஜிபியை விட மெதுவான பன்னிரண்டு ஜிபிதான் முதலில் முடிக்கிறது.

4060-ஐ மனதாரப் பாராட்ட வேண்டியது மின்சார விஷயத்தில். 3060 170 வாட், 4060 115 வாட்தான். 1060-ஐ விடவும் 5 வாட் குறைவு. தினம் ஐந்து மணி நேரம் முழு லோடில் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 16 யூனிட் மிச்சம். ஈபி கணக்கில் 500 யூனிட் எல்லையை ஒட்டிப் போகும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை. அப்புறம் சென்னையில் மே மாதம், ஏசி இல்லாத அறை: 3060 ஓடும்போது கால் பக்கம் வரும் சூடு கார்டு மாற்றிய அன்றே குறைந்தது.

விலையை டாலரில் மட்டும் பார்த்தால் 249-இலிருந்து 299, ஏழு வருடத்துப் பணவீக்கத்துக்கு இது உயர்வே இல்லை என்று வாதிடலாம். நாம் கொடுப்பது ரூபாய். 1060 வந்தபோது டாலர் 67 ரூபாய்; 2025 மே மாதம் 5060 அதே 299 டாலருக்கு வந்தபோது 85. அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால், இறக்குமதியாளர், கடைக்காரர் லாபம் சேரும் முன்பே 30,000 ரூபாய் ஆகிவிடுகிறது. அந்தப் பணத்துக்கும் எட்டு ஜிபிதான். 2021-இல் கார்டுகளை வைத்து எதீரியம் கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் சூட்டில் 3060 அறிவித்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்றது. 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் மைனிங்கைக் கைவிட்ட பிறகுதான் நான் கடைப் பக்கமே போனேன்.

நிறுவனம் காட்டும் வரைபடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 549 டாலர் 5070, 4090-க்குச் சமம் என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் 2025 ஜனவரியில் மேடையில் சொன்னார். அது ஏஐ இடையில் வரைந்து சொருகும் ஃபிரேம்களையும் சேர்த்த கணக்கு. ஏற்கனவே 60 ஃபிரேம் ஓடும் கேமில் அந்த வசதி அருமை. 30 ஃபிரேமில் தவிக்கும் கேமில் படம் வழுக்கிக்கொண்டு போகும், மவுஸ் மட்டும் பின்தங்கும்.

1060-ஐ இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: புதுக் கேம்களுக்கான டிரைவர்கள் பாஸ்கலுக்கு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ரே டிரேசிங் இல்லாத கார்டில் ஆரம்பிப்பதே இல்லை. வேலோரண்ட், ஜிடிஏ 5 மட்டும் என்றால் மாற்ற அவசரமில்லை.

கேம் மட்டும் ஆடுகிறவர் புதிதாக வாங்கினால், 349 டாலருக்கு அறிவித்த ஏஎம்டி 9060 எக்ஸ்டி பதினாறு ஜிபியைத்தான் சொல்வேன். பட்ஜெட் இறுக்கம் என்றால் இன்டெல் பி580, பன்னிரண்டு ஜிபி. ஆனால் ரீசைஸபிள் பார் (பிராசசர் கார்டின் முழு மெமரியையும் ஒரே நேரத்தில் எட்ட உதவும் வசதி) இல்லாத பழைய போர்டில் வேண்டாம். நான் ஆப்டிக்ஸை விட முடியாததால் 3060-இலேயே இருக்கிறேன், 4060 அத்தை வீட்டுக்குத் திரும்பிவிட்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் 3060 தேடுகிறவர்கள், 2022-இல் அதே பெயரில் எட்டு ஜிபி, 128 பிட் கார்டு ஒன்றும் வந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டச் சொல்லி, பஸ் 192 பிட் என்று திரையில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.