காசநோய் முகாமில் எக்ஸ்ரே படிக்கும் ஏஐ: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவருபவை

நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய்க்கு மதிப்பெண் போடும் மென்பொருளை 15 வயது நிரம்பியவர்களுக்கு, மருத்துவரின் வாசிப்புக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்டே இல்லாத ஊரில் சில நொடிகளில் விடை கிடைக்கிறது. வேகத்தில் குறையில்லை. தொல்லையெல்லாம் அந்த மதிப்பெண்ணில்தான்.

திரையில் 60 என்று வந்தால் 60 சதவீத வாய்ப்பு என்று பொருளல்ல. எந்த எண்ணைத் தாண்டினால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற வெட்டுப்புள்ளியைப் பயன்படுத்துபவர்தான் வைக்கவேண்டும். மென்பொருள் நிறுவனம் தரும் எண்ணையே வைத்துக்கொண்டால் முதல் கோளாறு அங்கேயே தொடங்கும். நோய் உறுதியானவர்கள் போதிய அளவு சேரும்வரை, மதிப்பெண் எதுவானாலும் எல்லோருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற மூலக்கூறு பரிசோதனை (சளியில் கிருமியின் மரபணுவைத் தேடுவது) செய்து, ஒவ்வொரு எண்ணிலும் எத்தனை நோயாளிகள் நழுவுகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

1000 பேரில் 10 பேருக்கு நோய் என்று வையுங்கள். உணர்திறன் (நோயுள்ளவர்களைச் சரியாகப் பிடிப்பது) 90, தனித்தன்மை (நோயில்லாதவர்களைச் சரியாக விலக்குவது) 70 சதவீதம் என்றால் 9 நோயாளிகள் சிக்குவார்கள். கூடவே நோயில்லாத 297 பேரும் வருவார்கள். ஆக 306 கார்ட்ரிட்ஜ் (ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் ஒரு பரிசோதனைக்கு ஒன்று செலவாகும் குப்பி). கையிருப்பு 100தான் என்றால் வெட்டுப்புள்ளியை உயர்த்தத் தோன்றும். அப்படி உயர்த்தினால் முதலில் விடுபடுகிறவர்களில் எச்ஐவி முற்றியவர்கள் இருப்பார்கள். அவர்கள் நுரையீரலில் குழி விழுவது குறைவு, படம் சாதாரணமாகவே தெரியலாம். இது மென்பொருளின் முடிவல்ல, கார்ட்ரிட்ஜ் கணக்கு எடுத்த முடிவு. அதை யார் எடுத்தார்கள் என்று எழுத்தில் இருக்கட்டும்.

முதியவர்களிடமும் முன்பு காசநோய் வந்து குணமானவர்களிடமும் இதற்கு நேர்மாறு. பழைய தழும்பைப் புது நோயாக எண்ணி மதிப்பெண் ஏறிவிடும். அதனால் துல்லியத்தை ஒரே சராசரியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. வயது, பழைய நோய், எச்ஐவி எனப் பிரித்துப் பாருங்கள்.

படத்தின் தரம் தனிக்கதை. பாதி மூச்சில் எடுத்த படம், திரும்பிய தோள், கழற்றாத சங்கிலி எல்லாமே எண்ணைக் குழப்பும். ஃபிலிமைக் கைபேசியில் படம்பிடித்து ஏற்றுவது கடைசி வழி மட்டுமே. இருமல் இரண்டு வாரம் தாண்டியவருக்கு மதிப்பெண் எவ்வளவு குறைந்தாலும் சளிப் பரிசோதனை உண்டு என்ற விதியைச் சுவரிலேயே ஒட்டிவிடலாம்.

பெரிதாகக் கவனிக்கப்படாத சிக்கல், மென்பொருள் புதுப்பிப்பு. பதிப்பு மாறினால் அதே படத்துக்கு வேறு மதிப்பெண் வரலாம். பழைய வெட்டுப்புள்ளி செல்லாமல் போகலாம். பழைய படங்களை மறுபடி ஓட்டிப் பார்க்காமல் மாற்றக்கூடாது, முன்னறிவிப்பின்றிப் புதுப்பிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்குங்கள். "ஆம், இல்லை" மட்டும் காட்டி எண்ணை மறைக்கும் பொருளை வாங்கவே வேண்டாம். பதிவேட்டில் மதிப்பெண், பதிப்பு எண், சளி முடிவு மூன்றும் ஒரே வரியில் இருக்கவேண்டும்.