கொடைவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கியா, காலம் (column) பெட்டியா?

திருநெல்வேலிச் சீமையின் கோயில் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டுக்குச் சொல்தெளிவுதான் உயிர். சுடலைமாடன் கதை பந்தலில் இருப்பவருக்கு முழுதாகக் கேட்க வேண்டும். மூன்று தெரு தள்ளிப் படுத்திருக்கும் முதியவரை எழுப்பக் கூடாது. மைக் செட் பேசும்போது எத்தனை வாட் என்றே கேட்கிறோம். ஒலி எந்தப் பக்கம் போகும் என்று முதலில் கேட்க வேண்டும்.

அலைநீளத்துக்கு ஈடான அளவு இருந்தால்தான் ஒலிபெருக்கி ஒலியைத் திசைப்படுத்தும். 1000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 34 செ.மீ.; 60 ஹெர்ட்ஸுக்கோ 5.7 மீட்டர்.

வேப்பமரத்தில் கட்டும் குழாய், பேச்சின் கூர்மையான பகுதியைக் குவித்து வெகுதூரம் அனுப்பும். சிறிய ஆம்ப்ளிஃபயரே போதும். ஆனால் அதிர்வெண் ஏற ஏற ஒலிக்கற்றை குறுகிவிடும். எதிரே நிற்பவருக்குக் காது கூசும், ஓரத்தில் இருப்பவருக்கு மெய்யெழுத்துகள் மங்கும். மர உச்சியிலிருந்து பந்தலைத் தாண்டி அடுத்த ஊருக்கே போய்விடும். அறிவிப்புக்குச் சரி, கதைக்கு ஆகாது.

என் தேர்வு காலம் பெட்டி. சிறிய ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 1.2 மீட்டர் உயரப் பெட்டி, 1000 ஹெர்ட்ஸில் மேல்கீழாக ஏறத்தாழ 20 டிகிரிக்குள் ஒலியை அடக்கும். பக்கவாட்டில் அகலமாக விரிக்கும். வானத்துக்கும் மாடிக்கும் வீணாவது குறைந்து, தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கே போய்ச் சேரும். இடமில்லை என்று அதைப் படுக்க வைப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அப்போது ஒலி மேலும் கீழும் விரிந்து, இருபுறமும் சுருங்கிவிடும். வாங்கிய பயன் அத்தனையும் போச்சு.

தாழ்ந்த ஒலிக்குக் காலம் பெட்டியும் உதவாது. பாஸ் பெட்டி எல்லாப் பக்கமும் அதிரும்; ஊர் சண்டைக்கு வருவது பெரும்பாலும் இதனால்தான். இதற்கும் வழி உண்டு. ஒரு பெட்டிக்கு 1.4 மீட்டர் பின்னால் இன்னொன்றை வைத்து, பின்பெட்டியின் இணைப்பில் பிளஸ், மைனஸை மாற்றி, அதன் ஒலியை 4 மில்லிவினாடி தாமதித்தால் 60 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி பின்பக்கம் வெகுவாக அடங்கும், முன்பக்கம் கூடும். இரட்டைப் பெட்டிக்கு வாடகை கூடும்தான். ஆட்டபாட்டம் இருந்தால் தலைக்கட்டு வரியில் (குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் பணம்) அதற்கு ஒதுக்குவது நியாயம். வெறும் வில்லுப்பாட்டென்றால் பாஸ் பெட்டியே வேண்டாம்.

பந்தல் நீளமென்றால் சத்தத்தைக் கூட்டாதீர்கள். 20 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி காலம் பெட்டிகளை வைத்து, முன்பெட்டியின் ஒலி அங்கே வந்துசேரும் நேரத்துக்கு ஈடாகச் சுமார் 60 மில்லிவினாடி தாமதம் கொடுக்கச் சொல்லுங்கள்.